தோணிக்காரி பிழைப்பாளா?

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் நான்காம் மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பாள். ஆபீஸில் அவளுக்கு ‘டேபிள் மேடம்’ என்று பெயர். மேஜையைச் சொல்லவில்லை, அவள் போடும் அட்டவணையைச் சொன்னார்கள். எந்த வயதுக்காரர்கள், என்ன வேலை பார்ப்பவர்கள், என்ன நோய் உள்ளவர்கள், இன்னும் எத்தனை வருஷம் இருப்பார்கள் என்று கணக்குப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. படிப்பு முடிந்த கையோடு வந்து சேர்ந்தவள், முன்தலை நரைத்த பிறகும் அதே மூலையில்தான் இருந்தாள். நாற்காலியை மட்டும் இடையில் மாற்றிக் கொடுத்தார்கள்.

வீட்டில் அவள் அக்கா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, தன்னைவிட ஒன்பது வயது இளைய தங்கையோடு ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தாள். அக்காவுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்து, சண்டை சச்சரவு எதுவும் இல்லாமலே அது ஓய்ந்துபோயிருந்தது. தங்கை அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்தாள், இரண்டு சிறுநீரகமும் ஒருசேரக் கைவிரிக்கும் வரைக்கும்.

அப்புறம் டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள். முதலில் காலை முறையில் இடம் கிடைத்திருந்தது. அக்கா ஆபீஸ் போகும் வழியில் தங்கையை இறக்கிவிட்டுப் போவாள். முடிந்ததும் தங்கை டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவாள். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. பிறகு, இயந்திரத்திலிருந்து கழற்றி எழுப்பிவிட்டதும் தங்கைக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வர ஆரம்பித்தது. தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொல்ல, மாலை முறைக்கு மாற்றிக்கொண்டார்கள். அதிலிருந்து அந்த மூன்று நாளும் அக்கா பிற்பகலிலேயே ஆபீஸிலிருந்து கிளம்பி, தங்கையை அழைத்துப்போய்ப் படுக்கவைத்து, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸில் விட்ட வேலையை மடியில் வைத்த கணினியில் முடிப்பாள். வீட்டுக்குப் போய்ச் சமையல், துணி, மறுநாளைக்கு வேண்டிய மாத்திரை.

அலுப்பு அவளுக்குள் குடித்தனம் வந்து நாளாகியிருந்தது. எங்கே உட்கார்ந்தாலும் கண் சொருகும். காகிதம் நகல் எடுக்கும் இயந்திரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே தூங்கியிருக்கிறாள். சக ஊழியர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் போவார்கள்.

தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்க அக்கா தயாராகத்தான் இருந்தாள். சோதனைக்குப் போன இடத்தில், அவளுக்கே சர்க்கரை இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.  அதற்குப் பிறகு அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர்களுக்குள் பேச்சு என்று மிஞ்சியதெல்லாம் இந்த ரகம்தான்:

“காலையிலேருந்து எவ்வளவு தண்ணி குடிச்ச?”

“நாக்கை நனைச்சுக்கிட்டேன்.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு பாப்பா.”

“அரை டம்ளர். உன் தலைமேல சத்தியமா அரை டம்ளர்.”

“காய்கறியை ஊறவெச்சுப் பொட்டாசியம் போகத் தண்ணியைக் கொட்டினியா?”

“கொட்டினேன். ருசியையும் சேர்த்துக் கொட்டினேன்.”

தங்கைக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அக்காவுக்கு அவள் பாப்பாதான்.

டயாலிசிஸ் நேரத்தில் தங்கை படித்தது ஒரே ஒரு கதையைத்தான். ஆறு பாகமாக வந்த மாய உலகக் கதை. ஒவ்வொரு பாகமும் தலைகாணி கனம். ஒரு கையில் ஊசி ஏறியிருக்க, மறு கையால் அதை வயிற்றின்மேல் நிறுத்திவைத்துக்கொண்டு படிப்பாள். அதில் பெரிய ஆறு ஒன்று, இரண்டு கரையிலும் இரண்டு ராஜ்யம், நடுவில் ஓயாத போர். பேசும் காகம், சாபத்தால் கல்லாகிப்போன தளபதி, செத்த பிறகும் ஆலோசனை சொல்லும் ராணி என்று ஏகப்பட்ட கூட்டம். “நீயும் படியேன் அக்கா” என்று தங்கை பல தடவை கேட்டுப் பார்த்தாள். “மனுஷங்க பாடே பெரும்பாடா இருக்கு. இதுல காக்கா பாட்டை வேற நான் பார்க்கணுமா?” என்று அக்கா கையை ஒரு உதறு உதறுவாள். கதை என்றாலே அவளுக்கு ஆகாது. இல்லாத ஆட்களுக்காக எதற்கு மெனக்கெட வேண்டும் என்பது அவள் கட்சி.

மாலை முறைக்கு மாறிச் சில மாதம் கழித்து ஒரு நாள், தங்கை ஐந்தாம் பாகத்தை மூடி மார்பின்மேல் கவிழ்த்துவைத்தாள்.

“அக்கா, உன் ஆபீஸ்ல யாரு எப்போ சாவாங்கன்னு சொல்றீங்க இல்ல?”

“யாருன்னு சொல்ல முடியாது. ஆயிரம் பேர்ல எத்தனை பேர்னு சொல்லலாம்.”

“இதுக்கும் அப்படிப் போட முடியுமா?” புத்தகத்தைத் தட்டிக் காட்டினாள். “இதுல ஒரு தோணிக்காரி வர்றா. முதல் பாகத்துலேருந்து இருக்கா. ராஜா, மந்திரி, திருடன், எல்லாரையும் அக்கரைக்குக் கொண்டுபோய் விடறது அவதான். எனக்கு அவளைத்தான் பிடிக்கும். ஆறாம் பாகத்துல எழுதினவரு அவளைக் கொன்னுடுவாரோன்னு பயமா இருக்கு. திறக்கவே கை வரலை. பிழைப்பாளா மாட்டாளான்னு நீ கணக்குப் பார்த்துச் சொன்னா, தைரியமா ஆரம்பிப்பேன்.”

“கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாப் போச்சு.”

“அது திருட்டுத்தனம். நெட்ல தேடவும் கூடாது. நியாயமா அஞ்சு பாகத்தை வெச்சு ஆறாவதைச் சொல்லணும்.”

“எனக்கு வேற வேலை இல்லையா?”

 தங்கை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊசி ஏறிய கை மட்டும் அசையாமல் அக்காவின் பக்கமே கிடந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கொஞ்ச நேரத்தில் எழுந்து தங்கையின் மார்பின்மேல் இருந்த ஐந்தாம் பாகத்தை எடுத்தாள். பிறகு, முதல் பாகம் எங்கே என்று கேட்டாள்.

அக்காவுக்கு அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாது. முதல் பாகத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். பெயர் உள்ள ஒவ்வொருவரும் எந்த அத்தியாயத்தில் வருகிறார், கடைசியாக எங்கே உயிரோடு தென்படுகிறார், எந்தக் கரைக்காரர், ஆயுதம் எடுப்பவரா, யாரோடெல்லாம் பேசுகிறார், யாருடைய ரகசியம் அவருக்குத் தெரியும் என்று கணினியில் வரிசைபோட்டு ஏற்றினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் புத்தகம். டயாலிசிஸ் நாட்களில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி. கட்டம் கட்டமாக நிரப்பும் வேலை அவளுக்குக் கைவந்தது என்பதால், தூக்கக் கலக்கத்தில்கூட ஓடியது.

சங்கடம் வேறு இடத்தில் வந்தது.

“பாப்பா, கல்லாப்போன தளபதியை என்ன பண்றது? செத்தவன் கணக்கா, இருக்கிறவன் கணக்கா?”

“இருக்கான் அக்கா. மழை பெஞ்சா அவன் கண்ணுல தண்ணி வருதே.”

“கல்லுமேல மழை பெஞ்சா தண்ணி வழியாதா?”

“அது அழுகை. ரெண்டாம் பாகத்துல தெளிவாச் சொல்லியிருக்காரு.”

“செத்துப்போன ராணி அஞ்சு பாகமாப் பேசிட்டிருக்காளே, அவ?”

“அவ செத்துட்டா. ஆனா பேசறா.”

“எங்க கம்பெனியில அந்த மாதிரி ஒரு கட்டமே கிடையாது” என்று அக்கா சலித்துக்கொண்டாள். ஆனாலும் ராணிக்காகத் தனியாக ஒரு கட்டம் போட்டாள்.

மூன்றாம் பாகத்தில் ஒரு வணிகன் வடக்கே போகிறேன் என்று கிளம்பினான், பிறகு வரவே இல்லை. செத்தானா இருக்கிறானா தெரியாது. இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது என்று தங்கை கேட்டபோது, இது அக்காவின் சொந்த மண் என்பதால் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது. “இவங்களைச் செத்தவங்கன்னும் எழுதக் கூடாது, இருக்காங்கன்னும் எழுதக் கூடாது. கடைசியாப் பார்த்த வரைக்கும் இருந்தாங்கன்னு எடுத்துக்கணும். பாலிசியைப் பாதியில விட்டுட்டுப் போறவங்களை நாங்க அப்படித்தான் வெச்சுப்போம்.” தங்கை அதைக் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இயந்திரம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அன்று தண்ணீரைப் பற்றி விசாரிக்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது.

ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர், அவளைவிடப் பத்து வயது இளையவர், எதையும் எட்டிப் பார்க்கும் குணம் உள்ளவர், ஒரு நாள் திரையைப் பார்த்துவிட்டார். படிக்கட்டுபோல இறங்கிக்கொண்டே போகும் கோடு அதில் இருந்தது. நூறு பேரில் எத்தனை பேர் எந்தப் பாகம் வரைக்கும் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று காட்டும் கோடு.

“இது எந்த பாலிசி மேடம்? இப்படிச் சரசரன்னு இறங்குதே! நம்ம கம்பெனியையே இழுத்து மூடிடுவாங்க.”

“இது நம்ம கம்பெனி இல்ல” என்று அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவரும் கூட்டாளி.

அவர்தான் ஒரு நாள் குதித்துக்கொண்டு வந்தார். “மேடம், கண்டுபிடிச்சுட்டேன். சாப்பிடற காட்சி யாருக்கு அதிகமா இருக்கோ, அவங்க அதிக நாள் இருக்காங்க. சாப்பாட்டுக்கும் ஆயுசுக்கும் நேரடிச் சம்பந்தம்!”

அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். “தம்பி, அதிக நாள் இருக்கிறவன் அதிக வேளை சாப்பிடறான். அவ்வளவுதான். முதல் பாகத்துலயே செத்தவன் அஞ்சாம் பாகத்துல வந்து எப்படிச் சாப்பிடுவான்?”

அவர் முகம் தொங்கிவிட்டது. அந்தத் தப்பை அக்காவும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்திருக்கிறாள் என்பதால் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் நின்று, அதுவரைக்கும் நடந்ததை மட்டும் வைத்து, அடுத்த பாகத்தில் யார் போனார்கள் என்று பார்த்தார்கள். மெல்ல மெல்ல ஒரு வடிவம் தெரிந்தது. ஆயுதம் எடுப்பவர்கள் நினைத்த அளவுக்குச் சாகவில்லை. காதலில் விழுந்தவர்கள் பாடு மோசம். அதைவிட மோசம், அரச குலம் இல்லாத, தனக்கென்று ஒரு அத்தியாயம் இல்லாத, ஆனால் ராஜாவின் ரகசியம் ஒன்று தெரிந்துவைத்திருக்கும் ஆட்களின் பாடு. ரகசியம் தெரிந்த அடுத்த பாகத்திலேயே அப்படிப்பட்டவர்களைத் தீர்த்துக்கட்டிக்கொண்டே வந்திருந்தார் எழுத்தாளர்.

தோணிக்காரிக்கு ஐந்தாம் பாகத்தின் முடிவில் ராஜாவின் ரகசியம் தெரிந்துவிட்டது. இருட்டில் துடுப்பு போடும்போது, இளைய அரசன் தன் அண்ணனான ராஜாவைப் பற்றி முனகியதைக் கேட்டுவிட்டாள். கேட்காதவள்போல் துடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கும் அந்தப் பொம்பளையை அக்காவுக்குமே பிடித்துப்போயிருந்தது. ஒரு இடத்தில் ராஜா அவளிடம், “நீ எப்போது ஓய்வெடுப்பாய்?” என்று கேட்பார். “யாராவது அக்கரையில் நின்று கூப்பிடாதபோது” என்பாள் அவள். அக்கா அந்த வரியைக் கணினியில் ஏற்றவில்லை. அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் திரும்ப ஒரு தடவை படித்தாள்.

கணக்கு முடிந்தது. தோணிக்காரியைப் போன்றவர்கள் பத்துப் பேர் இருந்தால், அதில் ஏழு பேர் அடுத்த பாகத்தைத் தாண்டமாட்டார்கள்.

“சொல்லிடுவீங்களா மேடம்?” என்று பக்கத்து சீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். அவருக்குத் தங்கையின் நிலைமை தெரியும்.

“கேட்டா சொல்லித்தானே ஆகணும்” என்றாள் அக்கா.

அன்று மாலை டயாலிசிஸ் ஹாலில் தங்கைக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. கால்மாட்டை உயர்த்திவைத்திருந்தார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அக்கா குனிந்து போர்வையைச் சரிசெய்தபோது, அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“கணக்கு முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“பிழைப்பாளா?”

அத்தனை வருஷ வேலையில் அக்கா ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொன்னது கிடையாது. மேலதிகாரி கண்ணை உருட்டியபோதும் சொன்னதில்லை, கம்பெனிக்குக் கசந்தபோதும் சொன்னதில்லை.

“பிழைச்சுக்குவா” என்றாள். “பத்துக்கு ஏழு பங்கு பிழைச்சுக்குவா.”

தங்கை தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. நிம்மதியில் அழுகிறாள்போல என்று நினைத்து அக்கா அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

சொன்ன பிறகுதான் அடுத்தது உறைத்தது. ஆறாம் பாகத்தில் தோணிக்காரி செத்துவிட்டால், பொய் வெளியே வந்துவிடும். அதுவும் தங்கை இப்படிப் படுத்திருக்கிற நேரத்தில் வரும். முன்னாலேயே தான் படித்துப் பார்த்துவிட்டால், அந்த இடம் வரும்போது பக்கத்தில் இருந்து ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று தோன்றியது. “இன்னும் ஒரு விவரம் சரிபார்க்கணும், ஆறாவதை ரெண்டு நாள் என்கிட்ட கொடு” என்று வாங்கிக்கொண்டாள். தங்கை மறுபேச்சு பேசாமல் கொடுத்தாள். அப்போதாவது அக்காவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அலுப்பு அவளைச் சந்தேகப்பட விடவில்லை.

ஆபீஸ் மாடிப்படியில், யாரும் ஏறி இறங்காத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படித்தாள். கணக்குக்காக இல்லாமல் முதல் முறையாகச் சும்மா படித்தாள். இந்தத் தடவை எதையும் ஏற்ற வேண்டியதில்லை. பெரிய போர் நடந்தது. கல்லான தளபதி கையை அசைத்தான். காகம் ஊமையானது. நடு அத்தியாயம் ஒன்றில், போர் முடிந்த மறுநாள் இளைய அரசன் ஆற்றங்கரைக்கு வருகிறான். புதிதாக ஒருவன் தோணியோடு நிற்கிறான். “பழையவள் முதல் நாள் தாக்குதலிலேயே போய்விட்டாள்” என்று சொல்லிக்கொண்டே அவன் கயிற்றை அவிழ்க்கிறான். அரசன் தோணியில் ஏறுகிறான். அவ்வளவுதான். அடுத்த வரியில் ஆற்றின் நிறத்தைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார் எழுத்தாளர்.

அக்கா பக்கத்தைப் புரட்டி, மறுபடி முன்னால் வந்து அந்த வரியைப் பார்த்தாள். தப்பித்தவறி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டதோ என்று விரலால் நீவிப் பார்த்தாள். ஒட்டவில்லை. கணக்கு சரியாக வந்திருந்தது.  ஆனால், டாக்டர் இரண்டும் போய்விட்டது என்று சொன்ன நாளிலும், தன்னைச் சோதித்துத் திருப்பி அனுப்பிய நாளிலும் வராத அழுகை, அந்தப் படிக்கட்டில், இல்லாத ஒரு பொம்பளைக்காக முட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு சீட்டுக்கு வந்தபோது, பக்கத்து சீட்டுக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் வேலையில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்று டயாலிசிஸ் ஹாலில் வழக்கமான டெக்னீஷியன் லீவு. காலை முறையில் இருக்கும் நெட்டையான ஒருவர் வந்திருந்தார். தங்கையைப் பார்த்ததும் பழகிய முகமாகச் சிரித்தார். நேரம் முடிந்து ஊசிகளை உருவும்போது, அக்காவின் பைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த ஆறாம் பாகம் அவர் கண்ணில் பட்டது.

“அட, மேடமும் ஆறாவதுக்கு வந்தாச்சா? தோணிக்காரி போய்ட்டாளா? அந்த இடத்துல நான் புத்தகத்தைத் தூக்கி வீசிட்டேன் மேடம். போன வருஷம் இவங்கதான் எனக்குப் படிக்கக் கொடுத்தாங்க. முடிச்சுட்டு வந்து இவங்ககிட்ட மூணு நாள் ஒரே புலம்பல்.”

சொல்லிக்கொண்டே ஊசி இருந்த இடத்தில் பஞ்சை வைத்து, “அழுத்திப் பிடிச்சுக்கோங்க மேடம், விட்டுடாதீங்க” என்று அக்காவின் விரல்களை அதன்மேல் வைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

அக்காவால் எழுந்து போக முடியவில்லை. கையை எடுத்தால் ரத்தம் பீய்ச்சிவிடும். பஞ்சுக்கு அடியில் தங்கையின் ரத்தக்குழாய் வண்டுபோல அதிர்ந்துகொண்டிருந்தது.

“போன வருஷமே படிச்சுட்டியா?”

“ம்.”

“செத்துட்டான்னு தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைக் கேட்டியா?”

“ம்.”

“நான் வேலை வெட்டி இல்லாம இருக்கேன்னு நெனச்சியா? சாப்பாட்டு நேரம் பூரா, தூங்கற நேரம் பூரா உன் காக்காவையும் கல்லையும் கட்டிக்கிட்டு மாரடிச்சேனே! என்னைப் பார்த்தா எப்படி இருக்கு உனக்கு?”

“கத்தாதே அக்கா. அழுத்தம் கூடுது, வலிக்குது.”

அக்கா விரலைக் கொஞ்சம் தளர்த்தினாள். தங்கை கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“கதைன்னா நீ தொடவே மாட்ட. கணக்குன்னா வரிக்கு வரி படிப்ப. அதான். வேற வழி தெரியலை.” எச்சிலை விழுங்கிக்கொண்டாள். “அவ செத்த இடத்தைப் படிச்ச அன்னிக்கு எனக்கு யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. வீட்டுக்கு வந்து உனக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். நீ உள்ள வந்ததும், முகம் ஏன் வீங்கியிருக்கு, தண்ணி குடிச்சியான்னு கேட்ட. எடை பார்க்கற மெஷினை இழுத்துட்டு வந்த. நான் ஏறி நின்னேன்.”

அக்காவுக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. அப்படி எத்தனையோ நாள்.

“அந்த டெக்னீஷியன்கிட்ட பேசினேன். பேசாம இல்ல. ஆனா வீட்ல ஒருத்தருக்காவது அவளைத் தெரிஞ்சிருக்கணும்னு இருந்துச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் பொட்டாசியத்தைத் தவிர வேற ஏதாவது தெரிஞ்சிருக்கணும்னு.”

அடுத்த படுக்கையில் இயந்திரம் பீப் பீப் என்று கூவி அடங்கியது.

“நான் பொய் சொன்னது உனக்கு அப்பவே தெரியுமா?”

“உன் காது செவந்துபோச்சு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. திரும்பிப் படுத்துக்கிட்டேன்.” பிறகு குரலை இறக்கிக் கேட்டாள். “எனக்கும் போட்டுப் பார்த்திருக்கியா? அந்தக் கணக்கை.”

 அக்கா பஞ்சைத் தூக்கிப் பார்த்தாள். ரத்தம் இன்னும் கசிந்தது. மறுபடி அழுத்தினாள்.

“இல்ல. ஆபீஸ்ல இந்த நோய்க்காரங்க கணக்கு வந்தா, பக்கத்து சீட்டுக்குத் தள்ளி விட்டுடுவேன். அவரும் என்னான்னு கேக்காம வாங்கிப்பாரு.”

தங்கை தலையைத் திருப்பி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். காதைத்தான் பார்த்தாள் என்று அக்காவுக்குத் தெரியும்.

“சரி” என்றாள் தங்கை.

கட்டுப் போட்டு, எடை பார்த்து, மெதுவாக நடத்திக் காருக்குக் கூட்டிவந்தாள்.  அக்காவுக்குக் கோபம் தீர்ந்தபாடில்லை. ஆனால் கோபத்தைப் பிடித்துவைத்திருக்கவும் தெம்பு இல்லை. வீடு வந்து சேர்ந்தால், லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று அட்டை தொங்கியது.

முதல் மாடித் திருப்பம் வரைக்கும் தங்கை சமாளித்தாள். அங்கே படியில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவும் பைகளை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எழுந்திருக்கும் எண்ணமே போய்விட்டது. கீழ் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“அதென்ன ஒரு எழுத்து?” என்றாள் அக்கா திடீரென்று. “அஞ்சு பாகமா அத்தனை பேரையும் தூக்கிச் சுமந்தவளை அரை வரியில முடிக்கிறதா? அந்தப் புதுத் தோணிக்காரன் கயிறை அவுத்துக்கிட்டே சொல்றான். அந்த இளைய அரசன் ஒரு வார்த்தை கேட்டானா?”

“எனக்கும் அங்கதான் வயிறு எரிஞ்சுது. ஆனா ரெண்டாவது தடவை படிச்சப்ப, சரியாத்தான் எழுதியிருக்காருன்னு பட்டுச்சு.”

“என்ன சரி? காக்கா ஊமையானதுக்கு மட்டும் ஒரு முழு அத்தியாயம் அழுதிருக்கான் எழுதின மனுஷன்.”

“காக்கா ராஜாவோட காக்கா. நீ முழுசா முடிச்சியா, இல்லையா?”

“அவ போனதோட மூடி வெச்சுட்டேன்.”

“முடி. கடைசியில இளைய அரசன் என்ன பண்றான்னு படிச்சுட்டு வந்து பேசு.”

“என்ன பண்றான்?”

“சொல்ல மாட்டேன்.”

“நான் இவ்வளவு பாடுபட்டதுக்கு அதையாவது சொல்லித் தொலையேன்டி.”

“மாட்டேன்” என்றாள் தங்கை, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. மேலே ஏற இன்னும் இரண்டு மாடி இருந்தது. அக்கா சுவரில் தலையைச் சாய்த்து, அந்த இளைய அரசன் எப்பேர்ப்பட்ட நன்றிகெட்டவன் என்பதற்குத் தன்னிடம் இருக்கும் ஆதாரங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.